டப்பாவுக்குள் எவ்வளவு புரதம்?

பழத்தையும் பாலையும் மிக்ஸியில் அடித்துக் காலை உணவாகவே குடித்துவிடும் ஸ்மூத்தி நகரத்துச் சமையலறைகளில் இடம்பிடித்து, அதில் ஒரு கரண்டி புரதப் பொடியைக் கலப்பதும் வழக்கமாகிவிட்ட இந்நாளில், வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, புரதப் பொடி என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல என்பதாகும். மருந்துக் கடைகளின் கண்ணாடிப் பேழைகளில், நோயிலிருந்து தேறுவோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியவை என்ற தோற்றத்துடன் அடுக்கப்பட்டிருப்பவற்றுள் பல, சர்க்கரை, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துத் துணுக்கு, வைட்டமின்கள், நறுமணம் ஆகியவற்றோடு மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவிலேயே புரதம் கொண்டவை. உடற்பயிற்சிக் கூடங்களை ஒட்டிய கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் விற்கப்படும், பாலிலிருந்து பிரித்தெடுத்த வே புரதமோ எடையில் 70 முதல் 90 விழுக்காடு வரை புரதமாகவே இருக்கும். மூன்றாவதாக, மாஸ் கெய்னர் எனப்படும் எடை கூட்டும் பொடி உண்டு. பெரிய வாளி அளவு டப்பாவில், குறைந்த விலையில், தசைநார் முறுக்கேறிய ஓர் உடலின் படத்துடன் வரும் இப்பொடியில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் மட்டுமே புரதம் இருப்பது வழக்கம், மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்து. தேநீர்க் கடையில் காகிதப் பொட்டலமாகக் கிடைக்கும் பொட்டுக்கடலையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே, 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது.

இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு வகுத்தல் கணக்கே போதும். ஒரு வேளைக்கு எடுக்கச் சொல்லப்படும் பொடியின் எடையால், அதில் உள்ளதாகச் சொல்லப்படும் புரதத்தின் எடையை வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும். 33 கிராம் பொடியில் 25 கிராம் புரதம் என்றால் 76 விழுக்காடு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் '25 கிராம்' என்ற எண், எத்தனை கிராம் பொடியில் என்ற கேள்விக்கு விடையளிக்காதவரை பொருளற்றது. விலையை ஒப்பிடுவதிலும் டப்பாவின் எடையைப் பார்ப்பதைவிட, டப்பாவில் அடங்கியுள்ள மொத்தப் புரதத்தால் விலையை வகுத்து ஒரு கிராம் புரதம் எத்தனை ரூபாய்க்கு விழுகிறது என்று பார்ப்பதே சரி. அவ்வாறு கணக்கிட்டபின், மலிவாகத் தோன்றிய டப்பா பல வேளைகளில் மலிவாக நிற்பதில்லை.

தேவை எவ்வளவு?

எந்தப் பொடி என்ற கேள்விக்கு முன்னதாக வருவது, பொடி தேவைதானா என்ற கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நலமுள்ள வயது வந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் தரமான புரதம் போதும்; 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். பெரும்பாலும் தானியத்தையே நம்பிய உணவில் புரதத்தின் தரம் சற்றுக் குறைவதால், அத்தகையோருக்குக் கிலோவுக்கு 1 கிராம் எனக் கொள்வது பொருத்தம். முதுமையில் தசை கரைவதைத் தடுக்க 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர் குழுக்கள் கருதுகின்றன. பளு தூக்கித் தசை வளர்ப்போருக்கு, 49 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கிலோவுக்கு 1.6 கிராம் அளவைத் தாண்டியபின் கூடுதல் புரதத்தால் கூடுதல் தசை சேர்வதற்கான சான்று இல்லை என்று காட்டியது. உடற்பயிற்சிக் கூடங்களில் உலவும் '2 கிராம்', '3 கிராம்' என்ற அறிவுரைகளுக்கு இதற்குமேல் அடிப்படை கிடையாது.

இந்த எண்களை ஒரு தமிழ்நாட்டுச் சாப்பாட்டுத் தட்டின்மீது வைத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி, அது சோறாகவோ இட்லியாகவோ எப்படி உண்ணப்பட்டாலும், 22 கிராமை ஒட்டிய புரதத்தைத் தருகிறது; 60 கிராம் பருப்பு 13 கிராமையும், பாலும் தயிருமாக 400 மில்லி இன்னொரு 13 கிராமையும் தருகின்றன. காய், தேங்காய், கடலை ஆகியவற்றின் பங்கையும் சேர்த்தால் முட்டையோ மீனோ இல்லாமலே 50 கிராமை எட்டிவிடலாம். ஆனால் பருப்பு என்பது தெளிந்த ரசமாகவும், பால் என்பது காபியில் விழும் சில கரண்டிகளாகவும் சுருங்கிவிட்ட வீடுகளில் அதே கூட்டல் 30 கிராமிலேயே நின்றுவிடும் என்பதும் உண்மை. இந்தியரின் புரதக் குறைபாடு என்று பொதுப்படப் பேசப்படுவது பெரும்பாலும் இந்தத் தட்டின் குறைபாடுதான். அதற்கு விலையுயர்ந்த இறக்குமதிப் பொடியை மருந்தாகச் சொல்வது, சாம்பாரில் பருப்பைக் கூட்டச் சொல்வதைவிட விற்பனையாளருக்கு உகந்த அறிவுரை.

புரதம் போதவில்லை என்ற அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. குழந்தைகளின் உடல் வீங்கித் தோல் உரியும் குவாஷியார்க்கர் நோயை, இன்று கானா எனப்படும் கோல்டுகோஸ்ட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1933-இல் விவரித்ததிலிருந்து, புரதக் குறைவே வறிய நாடுகளின் தலையாய உணவுச் சிக்கல் என்ற கருத்து மெல்ல வலுப்பெற்றது. 1955-இல் ஐக்கிய நாடுகள் அமைப்புக்குள் புரத ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது, 1968-இல் 'புரத நெருக்கடி' குறித்து அறிக்கையும் வந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் பிழிந்த நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து பல்நோக்கு உணவு என்ற பொடியை உருவாக்கியது இந்தக் காலத்தில்தான். பின்னர், வயிறு நிறையாத குழந்தைக்குத் தரப்படும் புரதம் உடலைக் கட்டப் பயன்படாமல் வெறும் எரிபொருளாகவே தீர்ந்துபோகிறது என்பதும், போதிய உணவு கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் போதிய அளவில் வந்துவிடுகிறது என்பதும் தெளிவானபோது, டொனால்டு மெக்லாரன் 1974-இல் லான்செட் இதழில் அந்த முயற்சி முழுவதையும் பெருந்தோல்வி என்றே எழுதினார். இந்தியாவில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே இதே கருத்தை முன்பே வலியுறுத்தியிருந்தார். அண்மைச் சான்றும் அத்திசையையே காட்டுகிறது: சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்போடு ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்ணூட்டச் சத்து மாத்திரைகளும் வழங்கியதாலேயே அவர்களிடையே காசநோய் ஏற்படுவது 39 விழுக்காடு குறைந்தது.

ஆகவே பொடிக்கு இடமே இல்லை என்று கொள்ள வேண்டியதில்லை. மெல்ல முடியாத முதியவர், அறுவைக்குப் பின் பசியற்றுக் கிடப்பவர், ஒரு நாளில் 100 கிராம் புரதத்தை எட்ட வேண்டிய விளையாட்டு வீரர், சமைக்க நேரமின்றிக் காலை உணவைத் தவிர்த்து வருபவர் ஆகியோருக்கு 20 அல்லது 25 கிராம் புரதத்தை ஒரு குவளைக்குள் அடக்கித் தரும் வசதி மெய்யான வசதியே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கும்படி சொல்லியிருப்பது பொதுமக்களை நோக்கிய அறிவுரை. தனித்தேவை உடையோர் அதைத் தம் மருத்துவரின் சொல்லோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

நைட்ரஜனை அளந்து புரதம் என்பது

டப்பாவின்மீது அச்சிடப்படும் புரத அளவு உண்மையில் புரதத்தை அளந்து பெறப்பட்டது அன்று. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர், வாற்கோதுமையில் புரதம் எவ்வளவு என்பதை அறிய 1883-இல் ஒரு வழி கண்டார். பொருளை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைத்து, அதிலிருந்து வெளிப்படும் நைட்ரஜனை அளந்து, புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் கிடைத்த அளவை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு வரும் என்பதே அந்த வழி. பாலுக்கு 6.38 என்ற எண்ணைக் கொள்வர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உணவுத் தொழிலின் அன்றாட அளவீடு இந்த அடிப்படையிலேயே நடக்கிறது. இம்முறைக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. புரதம் அல்லாத ஒரு பொருளில் நைட்ரஜன் மிகுந்திருந்தால் அதையும் புரதமாகவே அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இந்த ஓட்டை வழியாக நுழைந்த கொடிய மோசடி 2008-இல் சீனாவில் வெளிப்பட்டது. நெகிழித் தட்டுகள் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்துப் புரத அளவை உயர்த்திக் காட்டியதில், அந்தப் பாலிலிருந்து செய்த பால்மாவைக் குடித்த ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். சிறுநீரகம் பழுதாகி 6 குழந்தைகள் இறந்தன. புரதப் பொடித் தொழிலில் அந்த அளவுக்கு நஞ்சு கலக்கப்படுவதில்லை. அங்கே நடப்பது மென்மையான மோசடி. கிளைசின், டாரின், குளுட்டமின் போன்ற மலிவான தனி அமினோ அமிலங்களைப் பொடியில் கலந்துவிட்டால் நைட்ரஜன் கணக்கு ஏறிவிடும். உடலுக்குத் தீங்கு பெரிதாக இராது, வாங்கியவரின் பணம் மட்டும் போகும். தொழில்துறையினர் இதை அமினோ ஸ்பைக்கிங் என்கின்றனர்.

இந்தியச் சந்தையின் நிலையைக் கேரள மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து 2024-இல் மெடிசின் என்ற இதழில் வெளியிட்ட ஆய்வு வெளிச்சமிட்டுக் காட்டியது. இந்தியாவில் விற்கப்படும் 36 பொடிகளை அவர்கள் சோதித்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. முப்பத்தாறு என்பது பெரிய எண்ணிக்கை அன்று, மூலிகைச் சேர்க்கையுள்ள பொடிகளும் அவற்றுள் அடங்கும் என்பதால், சந்தை முழுவதையும் இந்த விகிதத்தால் அளந்துவிடக் கூடாது. ஆயினும் உரிமம் பெற்றுக் கடையில் அமர்ந்திருக்கும் டப்பாக்களே இவை.

வீட்டில் ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள முடியாத வாசகருக்கு இரண்டு குறிப்புகள் உதவும். உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. அந்த வரிசையில் கிளைசின், டாரின், குளுட்டமின், கிரியேட்டின் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தலைகாட்டினால் முன்பக்க எண்ணை நம்புவதற்கில்லை. (கிரியேட்டின் தன்னளவில் பயனுள்ள பொருளே, அதை வேண்டுவோர் தனியே வாங்கிக்கொள்வது மலிவு.) அடுத்தது, அமினோ அமிலப் பட்டியலில் லியூசினின் அளவைப் பார்ப்பது. தசை கட்டும் பணியைத் தொடங்கிவைக்கும் இந்த அமிலம் வே புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருப்பதால், 25 கிராம் வே புரதம் என்று சொல்லும் டப்பாவில் லியூசின் 2.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அது முழுவதும் வே அன்று. பட்டியலையே அச்சிடாத நிறுவனத்தைக் கடந்து செல்வது நலம்.

பாலிலிருந்தும் பயிரிலிருந்தும்

பாலைப் புளிக்கவைத்தோ நொதியிட்டோ திரித்துச் சீஸ் செய்யும்போது கட்டி தனியாகவும் இளமஞ்சள் தெளிநீர் தனியாகவும் பிரிகின்றன. அந்தத் தெளிநீர்தான் வே. பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கான கேசீன் கட்டியோடு போய்விட, மீதி ஒரு பங்கு தெளிநீரில் கரைந்து நிற்கிறது. தெளிநீரில் புரதம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், ஒரு கிலோ பொடிக்கு 100 லிட்டருக்கு மேல் தெளிநீர் தேவைப்படும். மேலைநாட்டுச் சீஸ் ஆலைகள் இதை நெடுங்காலம் பன்றிகளுக்கு ஊற்றின, அல்லது ஆற்றில் விட்டு ஆற்றைக் கெடுத்தன. நுண்துளைச் சவ்வின் வழியாக வடிகட்டிப் புரதத்தை மட்டும் பிரிக்கும் தொழில்நுட்பம் 1970-களில் பரவிய பின்னரே கழிவு சரக்காயிற்று. பால் உற்பத்தியில் உலகில் முதலிடத்தில் இருந்தும் இந்தியா வே பொடியைப் பெருமளவு வெளியிலிருந்து வரவழைப்பதற்குக் காரணம், இங்கு பாலின் பெரும்பகுதி பாலாகவும் தயிராகவும் நெய்யாகவுமே தீர்ந்துபோவதும், பனீர் செய்யும் சிறு கூடங்கள் தெளிநீரை இன்றும் சாக்கடையில் விடுவதும் ஆகும்.

வடிகட்டலின் அளவைப் பொறுத்து வே மூன்று பெயர்களில் வருகிறது. 80 விழுக்காடு வரை புரதமுள்ளது கான்சன்ட்ரேட். மேலும் வடித்து 90 விழுக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது ஐசோலேட். நொதிகளால் முன்கூட்டியே துண்டாடப்பட்டது ஹைட்ரோலைசேட். இவற்றிடையே உள்ள விலை வேறுபாட்டை நியாயப்படுத்தக்கூடிய காரணம் ஒன்றே ஒன்று. அது லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை. குழந்தைப் பருவம் கடந்தபின் அதைச் செரிக்கும் நொதி குன்றிவிடுவது தென்னிந்தியரிடையே மிகுதி. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இக்குறை காணப்பட, டெல்லியில் அது 27 விழுக்காடாகவே இருந்தது. ஐசோலேட்டில் இந்தச் சர்க்கரை 1 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எனினும் ஒரு கரண்டி கான்சன்ட்ரேட்டில் உள்ள லாக்டோஸ் 2 கிராமை ஒட்டியதுதான், ஒரு குவளைப் பாலிலோ 12 கிராம். நாளுக்கு இரண்டு காபி குடித்து வயிறு கலங்காதவருக்கு ஐசோலேட் வீண் செலவு. லாக்டோஸுக்கு அஞ்சி ஐசோலேட்டை வாங்கிவந்து, அதைப் பால் சேர்த்த ஸ்மூத்தியில் கலந்து குடிப்போரும் இருக்கின்றனர்.

பயிர்களிலிருந்து எடுக்கப்படும் புரதத்தை மதிப்பிட அதன் தரம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உடலால் தானே ஆக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் எது தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே அந்தப் புரதத்தின் பயன்பாட்டுக்கு எல்லை வகுக்கிறது. இந்தக் குறைபாட்டையும் செரிமானத் திறனையும் சேர்த்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும் முறையை உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் 1991-இல் ஏற்றன. சிறுகுடலின் முடிவில் எஞ்சுவதைக் கொண்டு கணக்கிடும் நுட்பமான வேறொரு முறை 2013-இல் பரிந்துரைக்கப்பட்டது. பழைய முறைப்படி வே, கேசீன், முட்டை ஆகியவை 1 பெறுகின்றன, சுத்திகரித்த சோயாப் புரதமும் அதையொட்டியே நிற்கிறது, பட்டாணி 0.8-ஐத் தாண்டுகிறது, அரிசி பாதியளவில் நின்றுவிடுகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் பட்டாணியில் நிறைய உண்டு, பட்டாணியில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு என்பதால், இரண்டையும் கலந்து விற்கப்படும் பொடி தனித்தனிப் பொடிகளைவிட மேலானது. அரிசியோடு உளுந்தைச் சேர்த்து அரைக்கும் இட்லி மாவின் ஊட்ட நியாயமும் இதுவே.

சோயாவைப் பற்றிப் பரவியுள்ள அச்சம், அதில் உள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருள் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற வடிவம் கொண்டது என்பதிலிருந்து பிறந்தது. ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் தென்படவில்லை. உண்மையான எச்சரிக்கை வேறு: தைராய்டு குறைவுக்காக மாத்திரை எடுப்போருக்குச் சோயா அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு அரைமணியில் சோயா கலந்த ஸ்மூத்தி குடிப்பவர், இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும்.

கொலாஜனின் கதை வேறு. தோல், எலும்பு, மீன் செதில் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் இப்புரதம் தோலை மினுக்கும் என்ற வாக்குறுதியுடன் இன்று மிகுந்த விலைக்கு விற்கப்படுகிறது. டிரிப்டோபான் என்ற இன்றியமையா அமிலம் இதில் அறவே இல்லை. ஆகவே தர மதிப்பெண் 0. அமெரிக்காவில் 1976-இல் வெளியான ஓர் உடல் இளைப்பு நூலைத் தொடர்ந்து, கொலாஜனைக் கரைத்துச் செய்த திரவப் புரதத்தை மட்டுமே நாளெல்லாம் குடித்துப் பட்டினி கிடக்கும் வழக்கம் பரவியது. ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 60 மரணங்கள் பதிவாயின, அவற்றுள் பல இதயத் துடிப்பு தடுமாறியதால் நேர்ந்தவை. கடும் பட்டினியும் அதில் சேர்ந்திருந்தது என்பதால் இன்று ஒரு கரண்டி கொலாஜன் கலப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரண்டியை அன்றைய புரதக் கணக்கில் சேர்த்துக்கொள்வது தவறு.

கேட்காமல் வருபவை

மண்ணில் உள்ள காரீயம், காட்மியம், ஆர்செனிக் ஆகிய நச்சு உலோகங்களைப் பயிர்கள் உறிஞ்சுகின்றன. பல கிலோ பட்டாணியை ஒரு கிலோ பொடியாகச் செறிவாக்கும்போது அவையும் சேர்ந்து செறிகின்றன. பசுவின் உடல் ஒரு வடிகட்டியாக நின்று பாலுக்குள் அவற்றை அதிகம் விடுவதில்லை. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2025 அக்டோபரில் வெளியிட்ட சோதனையில், 23 புரதப் பொருள்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றின் ஒரு வேளை அளவிலேயே 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. தாவரப் பொடிகளில் சராசரி, பால் பொடிகளைப்போல் ஒன்பது மடங்கு. 0.5 என்பது கலிஃபோர்னிய மாநிலச் சட்டம் ஒட்டிய மிகக் கடுமையான வரம்பு என்பதையும், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கொள்ளும் நாளாந்த அளவு 8.8 மைக்ரோகிராம் என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும். வாரத்தில் இருமுறை குடிப்பவருக்கு இது கவலை தராது. ஆண்டு முழுவதும் நாள் தவறாமல் இரண்டு கரண்டி போடுபவருக்கும், கர்ப்பிணிக்கும், பிள்ளைகளுக்கும் கவலை தரும். சாக்லேட் சுவையுள்ள பொடிகளில் கொக்கோ வழியாகக் காட்மியம் கூடுகிறது. எந்தப் பொடியானாலும் சுவையூட்டாத வகையை வாங்கி, வாழைப்பழமோ பேரீச்சையோ சேர்த்து இனிப்பாக்கிக்கொள்வது இந்த ஒரு காரணத்துக்காகவே சிறந்தது.

சுவையூட்டியதில் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. சர்க்கரை இல்லை என்று அறிவிக்கும் டப்பாக்களில் சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் பொட்டாசியம், ஸ்டீவியா ஆகியவற்றுள் ஒன்றோ இரண்டோ இருக்கும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் அறிவுறுத்தியது; அது நீண்டகால விளைவுகள் பற்றிய ஐயத்தின்பேரில் எழுந்த அறிவுரை, நஞ்சு என்ற தீர்ப்பு அன்று. குழைவுக்காகச் சேர்க்கும் பிசின் வகைகளும், கட்டி தட்டாதிருக்கச் சேர்க்கும் லெசித்தினும் பெரும்பாலோருக்குத் தீங்கற்றவை.

விளையாட்டு வீரர் அஞ்ச வேண்டியது வேறொன்றை. 2000-2001-இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளிலிருந்து வாங்கிய 634 ஊட்டத் துணைப்பொருள்களைச் சோதித்ததில், 94-இல் அட்டையில் குறிப்பிடப்படாத ஸ்டீராய்டு வகைச் சேர்மங்கள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குபவருக்கு, தெரியாமல் உண்டேன் என்ற விளக்கம் பெரும்பாலும் துணைநிற்பதில்லை. எனவே ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதித்துச் சான்றளிக்கும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். போன்ற வெளிநிறுவனங்களின் முத்திரையை அவர் தேட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் எல்லா டப்பாவிலும் இருக்க வேண்டியதே. அது தயாரிப்பாளர் பதிவுபெற்றவர் என்பதற்குச் சான்று, கையிலுள்ள டப்பா சோதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று அன்று. இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஒட்டப்படாதிருந்தால் அது கள்ளச்சரக்காகவோ போலியாகவோ இருக்கலாம்.

பொடியில் குறையே இல்லாதபோதும் சிலருக்கு அது ஆகாது. நலமான சிறுநீரகத்தைக் கூடுதல் புரதம் கெடுப்பதாகச் சான்றில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அது சுமை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த இந்நாட்டில், தம் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதை அறியாமலே இருப்பவர் பலர். இவ்விரு நோய்களுள் ஒன்று உள்ளவர் முதல் டப்பாவை வாங்குமுன் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துக்கொள்வது, எந்தத் தயாரிப்பு சிறந்தது என்று ஆராய்வதைவிட முதன்மையான செயல்.

மிக்ஸிக்குள்

இத்தனையும் பார்த்தபின் எஞ்சும் தேர்வு எளியது: பாலை ஏற்கும் உடலுக்கு, சுவையூட்டாத, உட்பொருள் வரிசை ஒரே வரியில் முடிகிற, அமினோ அமிலப் பட்டியலும் வெளிச் சோதனை முடிவும் தருகிற வே கான்சன்ட்ரேட், பால் சர்க்கரை செரிக்காதவருக்குத் தண்ணீரில் கலந்த ஐசோலேட், விலங்குப் பொருளை விலக்குவோருக்குச் சோயாவோ பட்டாணி-அரிசிக் கலவையோ, உலோகச் சோதனை முடிவு வெளியிடும் நிறுவனத்திடமிருந்து.

டப்பா வாங்காமலும் ஸ்மூத்தியில் புரதத்தைக் கூட்ட முடியும். 250 மில்லி பாலில் 8 கிராம், 30 கிராம் பொட்டுக்கடலையில் 6 கிராமுக்கு மேல், 20 கிராம் வறுத்த நிலக்கடலையில் 5 கிராம் என 20 கிராமை ஒட்டிய புரதம் ஒரு குவளையில் சேர்ந்துவிடுகிறது. கொழுப்பு நீக்கிய பால்மாவு 25 கிராம் கூட்டினால் இன்னும் 9 கிராம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் அப்படியே அரைக்கலாம். ஆனால் பச்சைச் சோயா மாவையோ வறுக்காத பருப்பு மாவையோ ஸ்மூத்தியில் போடலாகாது, வேகாத அவற்றில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. பச்சை முட்டையும் வேண்டாம். கிருமித் தொற்று ஒருபுறமிருக்க, வேகாத வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும். நிலக்கடலையில் கசந்ததும் நிறம் மாறியதும் சுருங்கியதும் பொறுக்கி எறியப்பட வேண்டியவை, அஃப்ளாடாக்சின் குடியேறும் இடம் அவையே. மிக்ஸியில் திரவத்தை முதலில் ஊற்றிப் பொடியைப் பின்னர் போட்டால் அடியில் ஒட்டாது; சூடான பாலில் வே கட்டியாகத் திரளும், ஊட்டம் குறையாது.

வாங்கிய பொடியைப் பாதுகாப்பதில் கடற்கரையோர ஊர்களில் கூடுதல் கவனம் தேவை. ஈரக் காற்றும் வெப்பமும் சேரும்போது பொடியில் எஞ்சியுள்ள லாக்டோஸ் லைசினோடு பிணைந்து, பொடி மெல்லப் பழுப்பேறுகிறது. அந்த லைசினை உடலால் பயன்படுத்த முடியாது, ஆனால் நைட்ரஜன் அப்படியே இருப்பதால் புரத அளவைச் சோதித்தால் குறைவு தெரியாது. ஈரக் கரண்டியை உள்ளே விடாமல், மூடியை இறுக்கி, அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதோடு, ஒரே மாதத்தில் தீர்ந்துபோகும் சிறு பொதியாக, தயாரித்த நாள் அண்மையில் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 5 கிலோ டப்பாவின் தள்ளுபடி, அதை மாதக்கணக்கில் திறந்து மூடாத பெரிய குடும்பத்துக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.